கார்த்திகை மாதத் தோட்டம்: அடைமழையிலிருந்து தைப் பட்டம் வரை செய்ய வேண்டிய வேலைகள்

செடி வாடித் தொங்குகிறது. தொட்டி மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம். கார்த்திகையில் மாடித்தோட்டங்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. வாடலைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடும்; அங்கேதான் செடியின் கதை முடிகிறது. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களின் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் வேர் நுனிகள் மூச்சுவிட வழியில்லாமல் கறுத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. சுற்றிலும் நீர் இருக்க, செடி தாகத்தில் வாடும். ஆகவே இந்த மாதத்தின் முதல் வேலை நீரை வெளியேற்றுவது. உரம், மருந்து, புது விதை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐப்பசியும் கார்த்திகையும் நம் பருவக் கணக்கில் கூதிர்காலம். கார்த்திகை என்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. சென்னை முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கரையோரம், டெல்டா, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களுக்கு இங்கே சொல்லும் காலக்கணக்கு அப்படியே பொருந்தும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மழையின் அளவும் குறைவு, விடுவதும் முன்கூட்டியே. அங்கே விதைப்பை ஒன்றிரண்டு வாரம் முன்னால் தொடங்கலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருந்தாது. அங்கே உறைபனிக்கான ஆயத்தமே தனி வேலை.

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்ற பழமொழியை நம்பி, மாதப் பிறப்பன்றே மழைக்கால ஏற்பாடுகளைப் பிரித்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா, 2020 நவம்பர் 25 இரவு கரை கடந்த நிவர், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் மூன்றும் கார்த்திகையில் வந்த புயல்கள். வர்தா வந்தபோது மாதம் முடிய மூன்று நான்கு நாளே பாக்கி.

வடிகால்: தளம், பை, மண்

முதலில் மாடியின் மழைநீர்க் குழாய் வாய். தொட்டியிலிருந்து வழிந்த மண்ணும் நார்க்கழிவும் உதிர்ந்த இலையும் சேர்ந்து இதை எளிதில் அடைத்துவிடும். குழாய் வாயில் கம்பி வலைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அதைச் சுற்றி 2 அடிக்குத் தொட்டி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பெருமழைக்கு முன்னும் பின்னும் கையால் துழாவிப் பாருங்கள். இது செடிக்காக மட்டுமல்ல, கட்டடத்துக்காகவும்தான். 100 சதுர அடித் தளத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் தேங்கினால் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 930 கிலோ. நனைந்த மண்ணின் எடை அதற்கு மேல். ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள வளர்ப்புப் பை முழுக்க நனைந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதனால் கனமான பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள்.

அடுத்து, பையின் துளைகள். கடையில் வாங்கும் பைகளில் துளைகள் பெரும்பாலும் அடியில் அல்லது அடியை ஒட்டி இருக்கும். பை தரையில் அழுந்தி உட்கார்ந்ததும் அவை அடைபடும். அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், பையைச் சுற்றி 6 முதல் 8 துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்தால் ஓரம் கிழியாது. பிறகு ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றுங்கள். செங்கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும்; அந்த வழியாகத்தான் நீர் இறங்கும், காற்று ஏறும். தொட்டிகளின் அடியில் வைத்த தட்டுகளை இந்த மாதம் முழுவதும் எடுத்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வெறுமனே நீரைக் கொட்டினால் போதாது. முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பிழைக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

தொட்டியின் அடியில் ஜல்லி அல்லது ஓட்டுச் சில்லுகளை அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது எதிராகவே வேலை செய்யும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மண் தன்னால் தாங்க முடிந்த அளவை நிரப்பிக்கொண்ட பிறகுதான் மிச்சத்தைக் கீழே விடும். ஆக, ஊறிக் கிடக்கும் பகுதி ஜல்லியின் உயரத்துக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளை அடையாமலிருக்க அதன் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். மீதி உயரம் முழுவதையும் மண்ணுக்கே விடுங்கள்.

மண் கலவையையும் பாருங்கள். கோடையில் நம்மைக் காப்பாற்றிய தென்னை நார்க்கழிவு, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். கார்த்திகையில் அதுவே எதிரி. இப்போது புதிதாகப் பை நிரப்புகிறவர்கள் செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, பெருமணல் 1 பங்கு என்று கலக்கலாம். மணல் சன்னமாக இருந்தால் இடைவெளிகளை அடைத்துக் கலவையைச் சிமெண்ட் போல் இறுக்கிவிடும். எம்-சாண்ட் மட்டுமே கிடைத்தால் சல்லடையில் சலித்து, அலசி, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். நிரப்பியபின் ஒரு சோதனை: மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, மேலும் ஒரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மேற்பரப்பில் நீர் நிற்காமல் இறங்கி, துளை வழியாக வழியத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் குளம் கட்டி நின்றால் மணல் போதாது.

ஏற்கெனவே செடி உள்ள பைகளில் கலவையை மாற்ற முடியாது. மழை விட்ட நாளில் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு முள்கரண்டியாலோ சிறு கொத்தாலோ கிளறிவிடுங்கள். மழைத்துளி அடித்து அடித்து மேலே ஏடு கட்டியிருக்கும். அதை உடைத்தால் காற்று உள்ளே போகும். தண்டை ஒட்டிப் போட்டிருக்கும் மூடாக்கை (மண்ணை மூடிய சருகை) ஒரு கையளவு தள்ளி ஒதுக்குங்கள்.

தரைத் தோட்டத்தில் பாத்திகளை ஆறு அங்குலம் உயர்த்தி, நடுவே ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி, அதைத் தெருப்பக்கம் அல்லது கிணற்றடிப் பக்கம் சரிவாக விடுங்கள். பப்பாளிக்குத்தான் முதல் கவனம். ஒன்றிரண்டு நாள் அடியில் நீர் நின்றாலே அடித்தண்டு அழுகிச் சாயும் மரம் அது. அடியைச் சுற்றி மண் அணைத்து மேடாக்குங்கள். தண்டின் அடியில் நீர் கோத்தாற்போல் பட்டை மெத்தென்று இருந்தால், காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து அடிமண் நனைய ஊற்றுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். குலை தள்ளியதற்கு இரண்டு மூங்கிலைக் கத்தரி போல் கட்டி நிறுத்துங்கள்.

இலை மஞ்சளானால்: மூன்று காரணங்கள், மூன்று வைத்தியம்

கார்த்திகையில் எல்லாச் செடியும் ஏதோ ஓர் அளவுக்கு மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் உரம் போடுவது தவறு. எந்த இலை, எப்படி என்று பார்க்க வேண்டும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக மஞ்சளாகின்றன, நுனி இலைகள் வெளிர்பச்சை, செடி வாடவில்லை. அப்படியென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நீரில் எளிதில் கரையும் சத்து அது. ஒவ்வொரு மழையிலும் துளை வழியாக ஓடிவிடுகிறது. சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கூடவே போகும். ஒரேயடியாக அள்ளிப் போட்டால் அடுத்த மழையில் அதுவும் ஓடும். மழை இடைவெளியில், இரண்டு நாள் வெயில் இருக்கும் என்று தெரியும்போது சிறிது சிறிதாகக் கொடுங்கள். கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவிட்டு, பத்து மடங்கு நீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர். அல்லது பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலை மேல் தெளிப்பு. பிண்ணாக்கைத் தூளாக மண்மேல் தூவ வேண்டாம். ஈரத்தில் பூஞ்சை கட்டி, புழு வைத்து, நாற்றமெடுக்கும், எலியும் வரும்.

நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மல்லிகை, செம்பருத்தி, எலுமிச்சையில் இது அதிகம். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது. செடியை நகர்த்தி வைத்துத் தெளிப்பது நல்லது.

மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன வேர் மூச்சடைப்பு. அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கும், தண்டு தளரும், மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். இதற்கு உரம் விஷம். பையைச் சுவரில் 45 பாகை சாய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். தேங்கிய நீர் ஓரத் துளைகள் வழியாக வடியும். மழை படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றி, இலைத் தழையில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து விடுங்கள். பாதி வேர் போன செடியால் முழு இலைக்கு நீர் ஏற்ற முடியாது. மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை நீர் வேண்டாம். பிறகு நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 10 கிராமை ஒரு கிலோ மண்புழு உரத்தில் கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி மேலாக இட்டுக் கிளறுங்கள். புதுத் துளிர் வந்தால் செடி பிழைத்தது. அதுவரை வேறு எந்தச் சத்தும் கொடுக்காதீர்கள்.

நத்தை, அசுவினி, கம்பளிப்பூச்சி, பூஞ்சை

ஆப்பிரிக்க நத்தைகள் பகலில் செங்கல் அடியிலும் தொட்டியின் பின்புறமும் ஒளிந்திருந்து, இரவில் ஒரே வேளையில் நாற்றுத் தட்டு முழுவதையும் மொட்டையடித்துவிடும். மாலையில் ஒரு கோணிச் சாக்கை நனைத்து விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் தழையையோ வையுங்கள். இரவு எட்டு ஒன்பது மணிக்கும் விடிகாலையிலும் சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். வெறுங்கை கூடாது: நத்தையின் சளி வழியாக மனித மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு பரவக்கூடும். கீரையையும் அதனால்தான் இந்த மாதம் இலை இலையாகக் கழுவச் சொல்கிறோம். மண்மேல் உப்பைத் தூவ வேண்டாம், அது வேரைக் கொல்லும். மெட்டால்டிஹைடு குருணை வேலை செய்யும்தான். ஆனால் நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. நாய், பூனை, குழந்தை உள்ள வீட்டில் அதை வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆடியில் விதைத்த அவரை இப்போதுதான் பூக்கும். பகல் குறுகினால்தான் பூப்பது அதன் இயல்பு. பூங்கொத்தில் கரிய அசுவினி அப்பிக்கொள்ளும். எறும்பு ஏறுவது முதல் அடையாளம். நுனியை விரலால் வழித்து நசுக்குவதும், நீரைப் பீய்ச்சி அடிப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் நீர். எண்ணெயைச் சோப்புக் கரைசலில் முதலில் குழைத்துப் பால்போல் ஆக்கிய பிறகே நீர் சேர்க்க வேண்டும். மாலை ஐந்துக்கு மேல் தெளியுங்கள். காலையில் தேனீ வரும் நேரத்தில் வேண்டாம். தெளித்த சில மணி நேரத்துக்குள் மழை அடித்தால் மறுநாள் மறுபடியும் தெளிக்க வேண்டியதுதான்.

முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கம்பளம் விரித்தாற்போல் அடைவது மழைக்குப் பின்தான். அவை பகலில் தண்டில் கூடி இருப்பதே நமக்கு வாய்ப்பு. நீண்ட கழியில் துணி சுற்றித் தீப்பந்தமாக்கிப் பட்டை கருகாமல் விரைவாக நீவிவிடலாம். வீடும் கூரையும் நெருக்கமாக இருந்தால் தீயை விட்டுவிட்டுச் சோப்புநீரைக் கனமாக அடித்துக் கீழே தள்ளிக் குழியில் புதையுங்கள். முடி தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். முழுக்கைச் சட்டை அவசியம்.

பூஞ்சை நோய்களில் வெயில் நாள் செய்யும் வேலையை மருந்து செய்யாது. செடிகளுக்கிடையே ஓர் அடி இடைவெளி விட்டு, தரையை உரசும் அடி இலைகளை நீக்கி, உதிர்ந்ததைப் பொறுக்கினாலே பெரும்பகுதி குறையும். நிழல்வலையை இந்த மாதமே சுருட்டி வையுங்கள். மேகமூட்ட வெளிச்சமே குறைவு, அதையும் பாதியாக்குவானேன்? புயல் காற்றில் அது பாய்போல் விரிந்து கம்பிகளோடு பெயர்த்துக்கொண்டு போகும். தடுப்பாக, நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் வீதம் 15 நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம்.

எலுமிச்சையில் சொறிநோய் மழைத்துளியோடு தெறித்துப் பரவுகிறது. இதற்கு ஒரு சதவீத போர்டோ கலவை. பிளாஸ்டிக் வாளி ஒன்றில் அரை லிட்டர் நீரில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், இன்னொன்றில் அரை லிட்டர் நீரில் சுட்ட சுண்ணாம்பு 10 கிராம் தனித்தனியே கரையுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கியபடி ஊற்றினால் வானநீலம் வரும். துருவில்லாத இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள், இலையைச் சுடும். நிறம் படிவது நிற்கும்வரை சுண்ணாம்பு நீரைச் சேர்த்து, துணியில் வடிகட்டி, அன்றே தெளியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். நோய்ப்பட்ட குச்சிகளை வெட்டி எரித்த பிறகே தெளிக்க வேண்டும். செம்பு மருந்து டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் இரண்டையும் கொல்லும். ஒரே தொட்டியில் இரண்டையும் பயன்படுத்துவதானால் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

மல்லிகைக் கவாத்து: நவம்பர் கடைசி வாரம்

இந்த மாதத்தில் தள்ளிப்போடவே கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது குண்டுமல்லிக் கவாத்துதான், அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடுவது. பங்குனியில் கூடை கூடையாகப் பூப்பதும், இலையாக வளர்ந்து நிற்பதும் இதைப் பொறுத்தது. மல்லிகை புதுக் கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எத்தனை நீளமானாலும் பயனில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். எல்லா மல்லிக்கும் இது ஒன்றல்ல. பிச்சி எனப்படும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மூன்றையும் ஒரே நாளில் வெட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைக் குறையுங்கள். மழை பெய்தால் தொட்டியைக் கூரைக்கடியில் வையுங்கள். மழையற்ற காலையில், கத்தரியைச் சுடுநீரில் கழுவித் துடைத்துக்கொண்டு தொடங்குங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளைந்த குச்சி, பென்சிலைவிட மெல்லிய குச்சி மூன்றையும் அடியோடு எடுங்கள். எஞ்சியவற்றை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். தொட்டிச் செடிக்கு மண்மட்டத்திலிருந்து 30 செ.மீ. போதும். மீதமுள்ள இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெட்டுவாய்களில் செம்பு மருந்துப் பசை தடவுங்கள். பெருமழை அறிவிப்பு இருந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். ஈரமான வெட்டுவாயில் நுனிக்கருகல் இறங்கும்.

வெட்டிய அன்றே உரம் வேண்டாம். இரண்டு வாரத்தில் கணுக்களில் துளிர் முட்டும். அப்போது வேருக்கு வெளிவட்டத்தில் மண்ணைக் கிளறி, தரைச்செடிக்கு மட்கிய தொழுவுரம் 10 கிலோ, தொட்டிச் செடிக்கு ஒரு கிலோவோடு எலும்புத் தூள் ஒரு கைப்பிடி.

ரோஜாவுக்கும் இதே காலம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் என்றாலும், கரையோரத்தில் மழை ஓயும் கார்த்திகைக் கடைசியே சிறந்தது. கடந்த பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்கு, வெளிப்புறம் பார்த்த மொட்டுக்கு கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். தண்டின் உட்பகுதி பழுப்பாகத் தெரிந்தால் வெள்ளையாகத் தெரியும்வரை கீழே இறங்குங்கள். நுனிக்கருகல் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அந்த நிறத்தில்தான் தெரியும். கரும்புள்ளி விழுந்த இலைகளை மட்கு உரத் தொட்டியில் சேர்க்காமல் அப்புறப்படுத்துங்கள்.

இப்போது விதைப்பதும் விதைக்காததும்

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று விடும் காலம் இது. கார்த்திகையில் விட்ட நாற்று மார்கழியில் நடவுக்கு வரும். தை, மாசியின் தெளிந்த வெயிலில் காய் பிடிக்கும். 98 குழித் தட்டுக்கு மட்கிய நார்க்கழிவு சுமார் ஒன்றேகால் கிலோ பிடிக்கும். பிழிந்தால் விரலிடுக்கில் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி நிரப்புங்கள். விதையை டிரைக்கோடெர்மாவில் புரட்டி (கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை), குழிக்கு ஒன்றாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தட்டை பிளாஸ்டிக் தாளால் மூடி மழை படாத இடத்தில் வையுங்கள். தக்காளி ஆறேழு நாளில் தலைகாட்டும், மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்றழுகல்: தண்டு மண்மட்டத்தில் நூலாக மெலிந்து நாற்று சாயும். சாய்ந்த நாற்று பிழைக்காது; அதையும் பக்கத்திலுள்ளதையும் பிடுங்கிவிட்டு, நீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். 25 நாளில், நான்கைந்து இலையில் நடலாம். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

முள்ளங்கி, பீட்ரூட், கேரட் மூன்றையும் நேரடியாக விதையுங்கள். நாற்றாக நட்டால் கிழங்கு கோணும். முள்ளங்கி 45 நாளில் முடியும். பீட்ரூட்டின் ஒரு விதை என்று நாம் நினைப்பது பல விதைகளின் கொத்து. கொத்துக்கு இரண்டு மூன்று முளைகள் வரும். ஒன்றை விட்டு மீதியைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும். செடிக்குச் செடி நான்கு விரற்கடை இடைவெளி. கலைத்துவிட மனமில்லாமல் விடுகிறவர்களுக்குத்தான் இலை மட்டும் வந்து கிழங்கு வராமல் போகிறது. கொத்தமல்லி விதையைப் பலகையால் அழுத்தி இரண்டாகப் பிளந்து, இரவு முழுதும் ஊறவைத்துத் தூவுங்கள். மேலே கொசுவலைத் துணியைக் கட்டினால் மழைத்துளி விதையை ஓரத்துக்கு அடித்துச் சேர்க்காது. வெந்தயக் கீரை 25 நாளில் கைக்கு வரும்.

காலிஃபிளவர் விதையைச் சமவெளியில் இப்போது போடாதீர்கள். நாற்று, நடவு, பூ என்று கணக்கிட்டால் பூ திரள வேண்டிய நேரம் மாசி வெயிலில் விழும். சிறு பொத்தானாக நின்றுவிடும் அல்லது விரிந்துபோகும். தயாரான நாற்று கிடைத்தால் மாத முதல் வாரத்துக்குள் நடுங்கள், பைக்கு ஒன்று. புடலை, பீர்க்கன், சுரைக்கும் அவசரம் வேண்டாம். தைப் பட்டம் அவற்றுக்கு உகந்தது. இப்போது பந்தலில் உள்ள பழைய கொடிகள் அடிச்சாம்பல் நோயில் பழுப்பாகிக்கொண்டிருக்கும்; வேரோடு எடுத்து, பந்தலைக் கழுவி வெயிலில் விடுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால்

இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள். கைப்பிடிச் சுவர் மேலுள்ள எல்லாத் தொட்டியையும் கீழே இறக்குங்கள். விழுந்தால் செடி மட்டும் போகாது. உயரமான செடிகளைக் காற்று மறைவுள்ள சுவரோரம், சுவரை ஒட்டி நெருக்கமாகக் கூட்டி, ஒரே கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். குழல் கம்பிகளையும் காலி வாளிகளையும் உள்ளே எடுங்கள். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றிய காயும் இறங்கட்டும். பச்சை மட்டையை வெட்டவேண்டாம், அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும்.

காற்று ஓய்ந்ததும், கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலில் எல்லா இலையையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்புநீர்த் திவலை படிந்தபடி வெயில் ஏறினால் மறுநாளே இலை விளிம்பு கருகும். சாய்ந்த மரக்கன்றை வேரில் ஈரம் இருக்கும்போதே நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். பாதி முறிந்த கிளையைக் கட்டி ஒட்டவைக்கப் பார்க்காமல் கீழிருந்து ஒரு கீறல் போட்டு, மேலிருந்து அறுத்து எடுங்கள். இல்லாவிட்டால் பட்டை கிழிந்து அடிவரை இறங்கும்.

மழை விட்டபின்

தீபத் திருநாள் கடந்து வானம் வெளுத்ததும் மறந்துபோவது தண்ணீர்தான். ஒரு மாதம் குழாயைத் தொடாமல் இருந்த பழக்கம் கையில் நிற்கும். நார்க்கழிவு அதிகமுள்ள பையோ மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவும், மண் அதிகமுள்ள பை அதற்கு நேர்மாறாகவும் இருக்கும். நடுவிரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கே ஈரமில்லாத பைக்கு மட்டும் ஊற்றுங்கள். மார்கழியில் காலை எட்டு மணிக்குப் பிறகு, பனி உலர்ந்ததும் ஊற்றுவது நல்லது. மாலையில் நனைத்தால் இரவு முழுதும் இலை ஈரத்தில் கிடந்து பூஞ்சை நோய்க்கு வழியாகும்.

பொங்கலுக்கென்று வைகாசியில் மஞ்சள் நட்டவர்கள் இந்த வாரமே பைக்கு ஒரு கைப்பிடி சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவி, மண் அணைத்துவிடுங்கள். கிழங்கு திரள்வது இனிமேல்தான். புள்ளி விழுந்த இலையை மட்டும் வெட்டுங்கள். நீரை அடியோடு நிறுத்திவிட்டால் இலை காய்ந்துவிடும். பானையின் கழுத்தில் கட்ட இலையோடு கூடிய பச்சைக் கொத்துதானே வேண்டும்.